தத்தி நடக்கும் குழந்தையும் வீட்டுக் காவலும்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது

நாற்றை நட்டுவிட்டு எந்த உழவரும் வீட்டில் அயர்ந்து உறங்குவதில்லை. பயிர் வேர் பிடிக்கும் வரையில் வயலில் நீர் மிகுந்ததா, குறைந்ததா, நண்டு வெட்டுகிறதா, ஆடு மாடு இறங்குகின்றனவா என்று காலையிலும் மாலையிலும் வரப்பின்மீது நின்று பார்த்து வருவதே அவர் வழக்கம். பயிர் வேர் பிடித்துக் கிளைத்துவிட்டால் கவலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

குழந்தை வளர்ப்பிலும் இத்தகைய பருவம் ஒன்று உண்டு. ஓராண்டு நிறைந்து, கால் ஊன்றித் தத்தி நடக்கத் தொடங்கும் நாள் முதல் மூன்றாண்டு முடியும் வரையிலுள்ள காலமே அது. கைக்குழந்தை வைத்த இடத்தில் இருக்கும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை சொன்னால் கேட்கும். இடைப்பட்ட இந்தப் பருவத்துக் குழந்தையோ வைத்த இடத்திலும் இராது, சொன்னாலும் கேளாது. வீட்டிலுள்ளோர் யாவருடைய சிரிப்புக்கும் அதுவே காரணம். யாவருடைய அச்சத்துக்கும் அதுவே காரணம்.

சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே எழுதத்தக்க அலுவலர், அடுப்பங்கரைக்குள்ளும் தொட்டில் அருகிலும் நுழைவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நமது இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதை மறைக்காமல் கூறுவதே முறை.

காலையில் செய்த உபதேசம்

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் வீட்டருகே கைவிடப்பட்டிருந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். இரவு பகலாக மீட்புப் பணி நடைபெற்றது. நாடே கண் கலங்கிக் காத்திருந்தது. 29-ஆம் நாள் விடியுமுன் அவனுடைய உடலையே மீட்க முடிந்தது. அதன்பின் ஊர் ஊராகச் சென்று, பயனின்றிக் கிடந்த ஆழ்துளைக் கிணறுகளைக் கணக்கெடுத்து மூடும் பணியில் நாமும் ஈடுபட்டோம்.

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு சிற்றூரில் 400 அடி ஆழமுள்ள துளை ஒன்றை மூடுவித்தோம். கூடியிருந்த மக்களிடம், “குழந்தைகளை விட்டுக் கண்ணை எடுக்கலாகாது” என்று சிறிது நேரம் பேசவும் செய்தோம். பேச்சு நன்றாக அமைந்துவிட்டது என்ற நிறைவுடன் பிற்பகலில் இல்லம் திரும்பி, உணவுக்கு அமர்ந்தோம். நமது கடைக்குட்டிக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. அதுவரையில் அவன் கூடத்தில் தட்டு ஒன்றைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். சோறு பரிமாறிக்கொண்டிருந்த நமது இல்லாள் திடீரென்று கையை நிறுத்தி, “சத்தத்தையே காணோமே!” என்றாள்.

அந்தச் சொல் முடியுமுன் நமது மூத்த மகள் எழுந்து ஓடினாள். குளியலறை வாளியில் பாதியளவு நீர் இருந்தது. குழந்தை அதனுள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வாரி எடுத்தபோது இருமினான், பிறகு அழுதான். அந்த அழுகையைப் போன்ற இனிய ஓசையை நாம் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். சில மணி நேரம் வைத்துப் பார்த்த மருத்துவர், நுரையீரலுக்குக் கேடில்லை என்று கூறி அனுப்பினார்.

காலையில் நாம் மூடியது 400 அடித் துளை. பிற்பகலில் நம் மகனை விழுங்கவிருந்தது ஓர் அடி ஆழமும் இல்லாத வாளி நீர். ஊருக்கு உபதேசம் செய்த நமக்கு அன்று கிடைத்த உபதேசம் அதுவே. அன்று முதல் நமது வீட்டை நாமே ஆய்வு செய்யத் தொடங்கினோம். அந்த ஆய்வின் பயனை இங்கே வாசகர்கள்முன் வைக்கிறோம்.

இப்பருவத்தின் இயல்பு

முதலில் இந்தச் சிறு மனிதரின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை, ஓராண்டு நிறையும்போது ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ 2 அல்லது 2½ கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. “முன்பு நன்றாக உண்டான், இப்போது உண்ண மறுக்கிறான்” என்று தாய்மார்கள் வருந்துவது பெரும்பாலும் இதனாலேயே. மூக்கைப் பிடித்து ஊட்டுவது தவறு. சோறு மூச்சுக்குழாயில் செல்லவும் கூடும். சிறிது சிறிதாகப் பல வேளை கொடுப்பதும், தானே பிசைந்து உண்ண விடுவதும் நல்லவை. பாதி சோறு தரையில் சிந்தும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ, அங்கன்வாடியில் எடை பார்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தபடியாக, இக்குழந்தை ஓர் ஆராய்ச்சியாளர். எதையும் தொட்டு, தட்டி, கவிழ்த்து, வாயிலிட்டுப் பார்த்தாலன்றி அதன் உள்ளம் அமைவதில்லை. நமது இல்லத்துக்கு வந்த ஊராட்சித் தலைவர் ஒருவரின் செருப்புகளில் ஒன்று மறைந்துவிட்டது. வீடு முழுவதும் தேடியும் கிடைக்காமல், அவர் நமது செருப்பை அணிந்துகொண்டு ஊர் திரும்பினார். மறுநாள் அரிசி அளக்கும்போது பானையிலிருந்து அது வெளிப்பட்டது. பிறிதொரு நாள், ஒன்றியக் கூட்டத்தில் வைக்க வேண்டிய சாலை மதிப்பீட்டுத் தாளில், கையொப்பத்துக்குரிய இடத்தில் ஐந்து விரல்களும் மையில் தோய்ந்து பதிந்திருந்தன. பொறியாளர் அதைப் பார்த்து, “மேலொப்பம் ஏற்கெனவே ஆகிவிட்டது” என்றார். இவை சிரித்து மறக்கத்தக்க சேட்டைகள். செருப்பைத் தேடிய அதே கை பூச்சிமருந்துப் புட்டியையும் தேடும் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

மூன்றாவதாக, இரண்டு வயதுக் குழந்தையின் தலை அதன் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வளர்ந்தோருக்கு எட்டில் ஒரு பங்கே உண்டு. தலை கனமாயிருப்பதால், வாளியையோ தொட்டியையோ எட்டிப் பார்க்கும் குழந்தை எளிதில் தலைகுப்புறக் கவிழ்கிறது. தன் கைகளால் ஊன்றி எழும் வலிமை அதற்கு இல்லை.

நீர் என்னும் அபாயம்

நீரில் மூழ்கும் குழந்தை கூவி அழைக்கும் என்று எண்ணுகிறோம். அது தவறு. வாயும் மூக்கும் நீரில் அமிழ்ந்த குழந்தையால் ஓசை எழுப்ப இயலாது. அடுத்த அறையில் இருப்பவருக்கும் எதுவும் கேட்பதில்லை. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். உலகம் முழுவதிலும் நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளிடையேதான் மிகுதியாக இருக்கிறது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வங்காள தேசத்தின் கிராமங்களில் இதனை ஆராய்ந்தோர், இத்தகைய விபத்துகள் பெரும்பாலும் முற்பகலில், தாய்மார்கள் சமையலிலும் வீட்டு வேலையிலும் ஈடுபட்டிருக்கும் நேரத்தில் நிகழ்வதைக் கண்டனர். அந்நேரத்தில் மட்டும் ஊர்க் குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தபோது மரணங்கள் பெரிதும் குறைந்தன. தாய்மார்களின் அசட்டையன்று, அவர்களுடைய வேலைப் பளுவே விபத்துக்குக் காரணம் என்பது இதனால் விளங்குகிறது. ஆதலால் விபத்து நேர்ந்த வீட்டில் தாயைப் பழித்துப் பேசுவது கொடுமை, பயனற்றதும் ஆகும்.

செய்ய வேண்டியவை எளியவை. புழங்கிய வாளியை உடனே கவிழ்த்து வைத்தல் வேண்டும். அண்டாவுக்கும் தொட்டிக்கும் கனமான மூடி இடுதல் வேண்டும். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை வெளிப்புறத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பொருத்துதல் வேண்டும். தரைமட்டத்தில் உள்ள நீர்த்தொட்டியின் மூடி உடைந்திருந்தால் மறுநாளுக்கென ஒத்திப்போடாமல் அன்றே மாற்றுதல் வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இன்றியமையாதது. பண்ணைக் குட்டை வெட்டியுள்ள உழவர்கள், சுற்றிலும் கிளுவையோ முள்வேலியோ அமைத்து, ஒரு படலை நிறுத்திவிட்டால் பிள்ளைகளுக்கும் கன்றுகளுக்கும் ஒருசேரக் காவலாகும்.

மூழ்கிய குழந்தையை எடுத்தவுடன் தலைமேல் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் வழக்கமாக உள்ளன. இவை உயிர் காக்கும் நேரத்தை வீணாக்குகின்றன. மூச்சு நின்றிருந்தால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவும், மார்பை அழுத்தவும் வேண்டும். ஒருவர் இதனைச் செய்கையில் மற்றொருவர் 108-க்குச் செய்தி சொல்ல வேண்டும். இம்முறையைப் படித்து மட்டும் கற்க இயலாது; செவிலியர் ஒருவர் காட்டக் கண்டு, செய்து பழக வேண்டும்.

வாயில் இடும் பொருள்கள்

நிலக்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பொத்தான், காசு ஆகிய யாவும் இவ்வயதில் வாய்க்கே செல்கின்றன. கடைவாய்ப் பற்கள் முளைத்து நன்கு மெல்லப் பழகாத குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுக்கலாகாது. இடித்தோ அரைத்தோ கொடுக்கலாம். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் உண்ணப் பழக்கலாகாது.

தொண்டையில் ஏதேனும் சிக்கினால், குழந்தை பலமாக இருமும் வரையில் இருமவே விட வேண்டும். இருமலும் அழுகையும் நின்று, மூச்சுத் திணறினால் தாமதம் கூடாது. ஓராண்டு கடந்த குழந்தையை முன்புறமாகச் சாய்த்து, இரு தோட்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்ட வேண்டும். பொருள் வெளிவராவிடில், பின்னால் நின்று அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே கைகளை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும் வரையில் இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடலாகாது; அது பொருளை மேலும் உள்ளே தள்ளிவிடும்.

இக்காலத்தில் புதிய அபாயம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. விளையாட்டுப் பொருள்களிலும் கைக்கடிகாரங்களிலும் உள்ள, சிறு காசு போன்ற வட்ட மின்கலமே அது. உணவுக்குழாயில் தங்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையை வேகவைத்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் ஏற்பட்டாலும், காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உழவர் வீடுகளில் உள்ள நஞ்சு

உழவர் பெருமக்களிடம் சிறப்பாக ஒரு வேண்டுகோள். மீந்த பூச்சிமருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி மாடத்தில் வைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். குழந்தைக்கு எழுத்து தெரியாது. புட்டியின் உருவம் தெரியும். அதில் இருப்பது இனிப்பு நீர் என்றே அது நம்பும். பூச்சிமருந்து டப்பாக்களின்மீது அச்சிட்டுள்ள முக்கோணத்தின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சைக் குறிக்கும். மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கடுமை குறைந்து வரும். பச்சை முக்கோணமும் நஞ்சே. எதனையும் அதற்குரிய கலத்திலேயே வைத்து, பம்புசெட் அறையிலோ மரப்பெட்டியிலோ இட்டுப் பூட்ட வேண்டும். தெளித்து வந்த சட்டையுடன் குழந்தையைத் தூக்குவதும் தவறு. சில மருந்துகள் தோல் வழியாகவும் உடலில் ஏறும். எலி மருந்துப் பசையின் குழல் பற்பசையைப் போலவே இருக்கும். பாஸ்பரஸ் கலந்த பசையை உண்ட குழந்தை முதல் நாளில் நலமாகவே இருப்பதுபோல் தோன்றி, சில நாட்களில் கல்லீரல் கெட்டு வீழ்ந்துவிடக்கூடும். ஆகவே “ஒன்றும் செய்யவில்லை” என்று வாளா இருந்துவிடக் கூடாது.

மண்ணெண்ணெயின் புழக்கம் குறைந்திருப்பினும், விளக்குக்கும் பம்புசெட்டுக்கும் அதனை வைத்திருக்கும் வீடுகள் உள்ளன. அதைக் குடித்துவிட்ட குழந்தைக்கு உப்பு நீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்வது பெருந்தவறு. வாந்தி எடுக்கையில் எண்ணெய் நுரையீரலில் புகுந்து கேடு விளைவிக்கும். எந்த நஞ்சாயினும், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல், குடித்த மருந்தின் கலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வதே வழி.

நெருப்பும் சூடும்

தரையில் வைத்த அடுப்பு, கொதிக்கும் குழம்பு, வடித்த கஞ்சி ஆகியவை குழந்தையின் கைக்கு எட்டுவன. அடுப்பங்கரை வாயிலில் முழங்காலளவு உயரமுள்ள பலகை ஒன்றைக் குறுக்கே பொருத்திவிட்டால், தாய்க்குக் குழந்தை தெரியும். குழந்தைக்கு அடுப்பு எட்டாது. நமது வீட்டில் தச்சர் ஒருவர் அரைநாளில் செய்து கொடுத்தார். சுட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மை, பற்பசை, மாவு, முட்டை ஆகியவற்றைப் பூசலாகாது. கொப்புளத்தை உடைக்கலாகாது. தூய துணியால் மெல்ல மூடி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அழுகையும் அடமும்

உடலுக்கு நேரும் அபாயங்களைக் கூறினோம். உள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்குப் புரியும் சொற்கள் பல. சொல்லத் தெரிந்தவை சில. வேண்டியதைச் சொல்லத் தெரியாத தவிப்பே தரையில் புரண்டு அழும் அடமாக வெளிப்படுகிறது. “வேண்டாம்” என்ற சொல்லை அது புதிதாகக் கற்றிருக்கிறது. புது ஏர் வாங்கியவன் கண்ட நிலத்தையெல்லாம் உழுது பார்ப்பது போல, அச்சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் பயன்படுத்திப் பார்க்கிறது. இதனைத் திமிர் என்று எண்ணி அடிப்பது பயன் தராது. அடிபட்ட குழந்தை அச்சத்தைக் கற்கும், காரணத்தைக் கற்காது.

பொது இடத்தில் குழந்தை புரண்டு அழுதால் பெற்றோர் வெட்கமடைகின்றனர். நமக்கும் நேர்ந்தது. சந்தையில் ஊதல் ஒன்றுக்காக நமது மகன் மண்ணில் புரண்டான். தெரிந்த முகங்கள் பல சூழ்ந்து நின்றன. அதிகாரி என்ற பெயருக்கு அஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டோம். அடுத்த வாரம் அதே இடத்தில், அதே நேரத்தில், இருமடங்கு பலத்துடன் புரண்டான்! புரண்டால் கிடைக்கும் என்பதை நாமே கற்பித்துவிட்டோம் என்பதைப் பிறகே உணர்ந்தோம். அருகில் அமைதியாக இருந்து, அழுகை தணிந்தபின் தூக்கி அணைத்து, மறுத்ததை மறுத்ததாகவே வைத்துக்கொள்வது நல்லது. தாய் மறுத்ததைத் தந்தையோ பாட்டியோ கொடுத்தால் எந்தக் கட்டுப்பாடும் நிலைக்காது.

அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுக்கும் வழக்கம் இன்று சிற்றூர்களிலும் பரவியிருக்கிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டாம் என்றும், அதற்கு மேற்பட்டு நான்கு வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் 2019-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நமது வீடுகளில் நடைவண்டி உண்டு, மணல் உண்டு, தேங்காய்ச் சிரட்டை உண்டு, கதை சொல்லும் பாட்டி உண்டு. இவற்றுக்கு ஈடான விளையாட்டுப் பொருள் எந்தக் கடையிலும் இல்லை.

ஊராட்சி செய்யத்தக்கவை

வீட்டுக் காவல் வீட்டாருடையதாயினும், ஊர்க் காவல் ஊராட்சியுடையது. பயனற்ற ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே தெளிவான நெறிகளை வகுத்திருக்கிறது. துளையிடுவதற்கு 15 நாட்களுக்கு முன்னரே நில உரிமையாளர் உரிய அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பணி நடக்கையில் அறிவிப்புப் பலகையும் வேலியும் வேண்டும். குழாயைச் சுற்றி, நிலத்துக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழே 30 சென்டிமீட்டருமாகச் சிமெண்டு மேடை அமைக்க வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ உறுதியான மூடியாலோ அடைக்க வேண்டும். கைவிட்ட துளையை அடி முதல் தரைமட்டம் வரையில் களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்ப வேண்டும். சாக்கைக் கட்டி மண்ணைத் தூவிவிடுவது மூடுவதாகாது. ஒரு மழையில் அது உள்ளிறங்கிவிடும். நமது மாநிலத்திலும் 2015-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் உள்ள துளைகளைத் தாமே நடந்து சென்று எண்ணி, பட்டியலாக எழுதிக் கொடுத்தால் பணியில் பாதி முடிந்துவிடும்.

அங்கன்வாடி மையத்தைச் சத்துணவு வழங்கும் இடமாக மட்டும் கருதலாகாது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியின் பயனாக இன்று ஊர்தோறும் மையங்கள் உள்ளன. இரண்டு வயது நிரம்பிய குழந்தை முற்பகலில் அங்கிருந்தால், தாய் வயலில் இருப்பினும் குழந்தைக்குக் காவல் உண்டு. மையத்தின் சுற்றுச்சுவர், வாயிற்கதவு, நீர்த்தொட்டி மூடி ஆகியவற்றைத் தலைவர்கள் மாதம் ஒருமுறையேனும் பார்வையிட வேண்டும். நடவும் அறுவடையும் நடக்கும் நாட்களில், மையத்துக்குச் செல்லும் வயது வராத குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முதிய மாதர் சிலரை மகளிர் குழுக்கள் முறைவைத்து அமர்த்தலாம்.

ஆண்டுதோறும் கூடும் கிராம சபைகளுள் ஒன்று, உலக நீர் நாளாகிய மார்ச்சு 22-இல் கூடுகிறது. நீரைச் சேமிப்பதைப் பற்றிப் பேசும் அந்நாளில், நீரிலிருந்து குழந்தைகளைக் காப்பதைப் பற்றியும் கால் மணி நேரம் பேசலாம். சுகாதார நிலையச் செவிலியரை அழைத்து முதலுதவி முறைகளைச் செய்து காட்டச் சொல்லலாம். இதற்குச் செலவு எதுவுமில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

வாளியில் கவிழ்ந்த நமது மகன் இன்று ஆரம்பப் பள்ளியில் படிக்கிறான். அவனுக்கு அந்நாள் நினைவில் இல்லை. நமக்கோ, எந்த வீட்டுக்குச் சென்றாலும் முதலில் வாளி கவிழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதனைப் படித்து முடித்த வாசகர்கள், இதழை மடித்து வைத்துவிட்டு, தம் புழக்கடைக்குச் சென்று ஒருமுறை பார்த்து வருவார்களாக. அங்கே ஒரு வாளி நீருடன் நின்றால், அதனைக் கவிழ்த்துவிட்டு வருவார்களாக.